அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்: முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லங்களை நடத்துகிற ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய விளம்பர நோட்டீஸில் ஒரே வரி வேறு வேறு வார்த்தைகளில் வருகிறது. உங்கள் பெற்றோர் இனி ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிற வரி. அப்பாவுக்கு இடம் தேடி அலைந்த நாட்களில் அதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. இப்போது அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

இது புகார்க் கடிதம் இல்லை. அப்பா இருக்கிற இல்லத்தில் சாப்பாடு நன்றாக இருக்கிறது. காலை எட்டு மணிக்கு பிபி பார்க்கிறார்கள். சுகர் மாத்திரை தவறுவதில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்கள். பணிப்பெண்கள் யாரும் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. மாதம் பிறந்தால் கட்டுகிற பணத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல, அப்பா யார் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன்மேனாக 2005இல் ஓய்வு பெற்றார். எங்கள் ஊர் பல்லடம் பக்கம். விசைத்தறி ஓடுகிற ஊரில் கரண்டு போனால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறி நின்றால் கூலி நின்றது. மழை ராத்திரியில் பதினோரு மணிக்கு வாசலில் ஆள் வந்து நிற்கும். "ஏனுங்க லைன்மேனுங்க, டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிருச்சுங்க." அம்மா திட்டிக்கொண்டே டார்ச் லைட்டை எடுத்துக் கொடுப்பார். அப்பா குறடு, கையுறை, கயிற்றோடு சைக்கிளில் கிளம்புவார். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் லைன் கிளியர், அதாவது அந்த லைனில் கரண்டை நிறுத்திவிட்டோம் என்கிற உறுதி, வாங்காமல் கம்பத்தில் கை வைக்க மாட்டார். அவர் கூட வேலை பார்த்த ஒருவர் அப்படிக் கை வைத்துத்தான் போனார். அரை மணியோ ஒரு மணியோ கழித்துத் தெரு பளிச்சென்று ஆகும். கரண்டு வந்ததும் தெருப்பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துவார்களே, அந்தச் சத்தம் எங்கள் அப்பாவுக்குப் போடுகிற கைதட்டு என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா படுப்பார்.

ஓய்வு பெற்றும் இது அவரைவிட்டுப் போகவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து டெல்டா முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது அவருக்கு 71 வயது. டிவி முன்னால் உட்கார்ந்து, விழுந்து கிடந்த கம்பங்களை எண்ணினார். வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்களை அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தன் பழைய ஆபீசுக்குப் போன் போட்டார். "நானும் வரட்டுங்களா? கம்பம் ஏற மாட்டேன். கீழ நின்னு பசங்களுக்குச் சொல்லித் தர்றேன்." போனை எடுத்த பையனுக்கு இவர் யாரென்றே தெரிந்திருக்காது. "சரிங்க ஐயா, தேவைப்பட்டாக் கூப்பிடறோம்" என்றானாம். நான்கு நாள் அந்த போனைக் கீழேயே வைக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

அம்மா போன பிறகு தனியாக இருந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போனது. விடியற்காலை விழுந்தவரைப் பால்காரர் வந்துதான் பார்த்தார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறாள். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. "உன் மாடிப்படி எனக்கு ஆவாது, எங்கயாச்சும் நல்ல இடமாப் பாத்து விடு" என்று அவரேதான் சொன்னார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதியோர் இல்லம் என்றாலே பெற்ற பிள்ளை தள்ளிவிட்டான் என்று முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கூட்டுக்குடும்பத்தில் திண்ணையில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். இடத்தின் மேல் எனக்குக் குறை இல்லை.

சேர்த்து எட்டு மாதம் இருக்கும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய டியூப் லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பார்த்ததுமே அப்பா சொல்லிவிட்டார், "ஸ்டார்ட்டர் போயிருச்சு. ஒண்ணு வாங்கிக் குடுங்க, நான் சொல்றேன், யாராவது ஏறித் திருகி மாட்டுனா முடிஞ்சுது." பணிப்பெண் சிரித்துக்கொண்டே, "நீங்க போய் உக்காருங்க தாத்தா, அதுக்கெல்லாம் ஆள் வருவாங்க" என்றிருக்கிறாள். அதில் தப்பாக ஒரு வார்த்தை இல்லை. ஆள் வர மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் மூன்று வேளையும் அப்பா அந்த விளக்குக்குக் கீழேதான் நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது விளக்கு சரியாக எரிந்தது. அதைக் காட்டி, "சோக்கையும் சேத்து மாத்திட்டுப் போயிருக்கான். சோக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "ஏம்ப்பா, நான் இல்லைன்னா இங்க என்ன நின்னு போகும்?"

"அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்றேன். பதில் தெரியாதபோது எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பதில் அது.

தமிழில் 'பொருட்டு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். "என்னை ஒரு பொருட்டா நினைக்கல" என்போம். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்கிறவர்கள், பொருட்படுத்தாமல் விட்டால் தாங்குவதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்காமல் விட்டதற்காக முப்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. இது வீண் ரோஷம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பாவின் கேள்விக்கு அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மனித மனத்துக்கு இது சோறு தண்ணீர் மாதிரி என்று ஆராய்ந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மோரிஸ் ரோசன்பெர்க் என்று ஒரு சமூகவியலாளர். ஒருவர் தன்னைப் பற்றி என்ன மதிப்பு வைத்திருக்கிறார் என்று அளக்க 1965இல் அவர் கொண்டுவந்த பத்து வாக்கியக் கேள்வித்தாளை இன்றைக்கும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அவர் 1981இல் கிளேர் மெக்கல்லோ என்பவரோடு சேர்ந்து இன்னொரு கேள்வியை எடுத்தார். என்னைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது இருக்கட்டும், அடுத்தவருக்கு நான் ஒரு பொருட்டா? அவர்கள் பார்த்தது பதின்வயதுப் பிள்ளைகளை. அம்மா அப்பாவுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்த பிள்ளைகளிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

இந்த உணர்வுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் பிரித்துக் காட்டியதுதான் என்னை நிறுத்தியது. நாம் இருக்கிறோமா இல்லையா என்று பிறர் கவனிக்க வேண்டும். நமக்கு ஒன்று என்றால் அவர்கள் அக்கறைப்பட வேண்டும். இவை இரண்டும் யாருக்கும் புரிந்துவிடும். அதோடு இன்னொன்றையும் சொன்னார்கள்: அவர்கள் ஏதாவது ஒன்றுக்கு நம்மை நம்பி இருக்க வேண்டும். நாம் பிறரைச் சார்ந்திருப்பது மட்டும் போதாது, பிறரும் நம்மைச் சார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றிய அதே கட்டுரையில் ஓய்வு பெற்றவர்களைப் பற்றியும் போகிற போக்கில் ஒரு வார்த்தை வருகிறது. உழைத்தது போதும் என்று கொடுக்கிற ஓய்வே, இனி நீ யாருக்கும் பொருட்டில்லை என்கிற தண்டனையாக ஆகிவிடலாம் என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்த டியூப் லைட்தான் ஞாபகம் வந்தது.

நிர்வாகிகளே, முதல் இரண்டை நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள். காலை எட்டு மணி பிபி என்பது கவனிப்பு. காய்ச்சல் என்றால் எனக்குப் போன் வருகிறது, அது அக்கறை. மூன்றாவதை மட்டும் வேரோடு பிடுங்கிவிடுகிறீர்கள். அதையும் சேவை என்ற பெயரில் செய்கிறீர்கள். ஒருவரிடமிருந்து எதையுமே எதிர்பார்க்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்கிற பெரிய மரியாதை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, சட்டமே அப்படித்தான் நினைக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. வசதியில்லாத முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேராவது தங்கும்படி இருக்கலாம் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. இல்லத்தில் என்ன தரம், என்ன சேவை வேண்டும் என்று வரும்போது அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இரண்டை: மருத்துவம், பொழுதுபோக்கு. பொழுதைப் போக்குவது! நாற்பது வருஷம் பொழுது போதாமல் ஓடியவருக்கு, அதைப் போக்க நாம் வழி செய்து கொடுக்கிறோம்.

இனி நான் சொல்லப்போகும் ஆய்வு உங்கள் தொழிலைப் பற்றியது. எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற முதியோர் இல்லத்தில் செய்து 1976இல் வெளியிட்டது. இரண்டு தளங்களில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தளத்தாரிடம் நிர்வாகி போய், உங்கள் அறை, உங்கள் நேரம், இதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று பேசினார். பிடித்த செடி ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வளர்க்க வேண்டியது நீங்கள்தான் என்றார். இன்னொரு தளத்தாரிடம், உங்களைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார். அவர்களுக்கும் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். ஆனால் நர்ஸ்கள் வந்து தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், கவலை வேண்டாம்.

கவனித்தீர்களா? செடி இரண்டு பக்கமும் இருந்தது. யார் தண்ணீர் ஊற்றுவது என்பதுதான் வித்தியாசம்.

மூன்று வாரத்தில் முதல் தளத்தார் நடமாட்டத்திலும் மலர்ச்சியிலும் முந்தியிருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, செடிக்குத் தாங்களே தண்ணீர் ஊற்றியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்ற பக்கம் 30 சதவீதம். இந்த எண்ணைக் கேட்டதும் நாளைக்கே தொட்டி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நூறு பேர்கூட இல்லாத சின்ன ஆய்வு அது. இறப்புக் கணக்கில் அவர்களே பிறகு ஒரு திருத்தம் வெளியிட்டார்கள், முதலில் சொன்ன அளவுக்கு உறுதியான முடிவு இல்லை என்று. செடி வளர்த்தால் ஆயுசு கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று வாரத்தில் ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதே எனக்குப் போதும்.

1991இல் நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்ற சின்ன ஊர் முதியோர் இல்லத்துக்கு பில் தாமஸ் என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். இங்கே இருக்கிறவர்களை அரிப்பது தனிமை, சலிப்பு, கையாலாகாத உணர்வு, இந்த மூன்றும்தான் என்று சொல்லி, மாத்திரைச் சீட்டு எழுதுவதற்குப் பதிலாக நாய், பூனை, நூறு சின்னக் கிளிகள் என்று உள்ளே கொண்டுவந்தார். கூண்டு வருவதற்கு முன்பே பறவைகள் வந்து இறங்கிவிட்டன. கொண்டுவந்தவர் ஒரு அறைக்குள் அவற்றைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாராம். ஊழியர்கள் தலையில் கை வைத்தார்கள். முதியவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கிளிக்குப் பெயர் வைத்து, இரை வைத்து, நாயை நான் நடத்திக்கொண்டு போகிறேன் என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். அந்த இல்லத்தில் மருந்துச் செலவு குறைந்தது. கிளிக்கு இரை வைக்க ஆள் வேண்டுமே, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் ஆயிற்று.

நம் ஊருக்கு இது புதிதா? வடகம் காயப்போட்டுவிட்டு, ஒரு குச்சியைக் கையில் கொடுத்துப் பாட்டியை மாடியில் உட்கார வைப்பார்களே. கண் சரியாகத் தெரியாத பாட்டிக்கு அதுதான் வேலை. காக்கா ஓட்ட வேறு வழி இல்லாமல் இல்லை, ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டாலும் போதும். ஆனாலும் பாட்டி அசந்தால் வடகம் போகும் என்பது பொய் இல்லை. சாயங்காலம் அம்மா வந்து, "என்ன அத்தை, எத்தனை காக்கா வந்துச்சு?" என்று கேட்பார். பாட்டி கணக்குச் சொல்வார், கூடவே ஒரு காக்காயின் அடாவடியைப் பற்றி ஒரு கதையும் வரும்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு நேரம் தள்ளிப் போட்டேன்.

சேர்த்த மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். அப்பா அறையில் இல்லை. சமையல்கட்டுப் பின்பக்கம் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து, முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சமையல் அக்காவும் இன்னும் இரண்டு பெரியவர்களும். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணில் தண்ணீர் வழிந்தது, வெங்காயத்தால்தான். எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் ஒன்றும் பேசாமல் நேரே அலுவலகத்துக்குப் போய், "மாசாமாசம் பணம் கட்டறேன், எங்கப்பாவை உக்கார வெச்சு வெங்காயம் உரிக்க விடறீங்களா?" என்று கத்தினேன். நிர்வாகி அம்மா மன்னிப்புக் கேட்டார். அன்றோடு பெரியவர்கள் யாரும் சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்காக மட்டும் இல்லை, எல்லோருக்கும்.

டியூப் லைட் விஷயத்தை நான் பிறகு கேட்கப் போனபோது அந்த அம்மா கோபப்படவே இல்லை. "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார்.

அதனால் இந்தக் கடிதத்தில் பாதி என்னைப் போன்ற பிள்ளைகளுக்கும் சேர்ந்ததுதான். குற்ற உணர்ச்சியோடு பணம் கட்டுகிறோம். கட்டிய பணத்துக்கு ஈடாக அப்பா அம்மா கை அழுக்காகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தக் காட்சி எங்கள் மனசுக்குத்தான் ஆறுதல். நீங்கள் எங்களுக்குப் பயப்படுகிறீர்கள். விழுந்துவிட்டால் சண்டைக்கு வருவோம், வீடியோ எடுத்துப் போடுவோம், போலீசுக்குப் போவோம் என்று. அந்தப் பயம் நியாயமானதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்காக எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால், எலும்பு முறியாமல் வேறொன்று முறிகிறது. அதற்கு எக்ஸ்ரே இல்லை.

உங்கள் இல்லங்களில் தினமும் காதில் விழுகிற ஒரு சொல், "பாரமா இருக்கேன்" என்பது. வயசானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்களைச் சாக நினைக்கத் தூண்டுகிற எண்ணங்கள் என்று 2005இல் இரண்டைச் சொன்னார். எனக்கென்று யாரும் இல்லை என்பது ஒன்று. நான் இருப்பது மற்றவர்களுக்குப் பாரம் என்பது மற்றது. ஆகவே அந்தச் சொல் வந்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பாரம் என்று சொல்கிறவரிடம் "நீங்க பாரம் இல்லைங்க" என்று நூறு தடவை சொன்னாலும் அவர் நம்புவது கஷ்டம். அவரிடம் ஒரு உதவி கேட்டுப் பாருங்கள்.

சரி, வேலை கொடுப்பது என்றால் என்ன வேலை? இதில்தான் பல இல்லங்கள் சறுக்குகின்றன. அப்பா இல்லத்திலும் செவ்வாய்க்கிழமை 'ஆக்டிவிட்டி' என்று ஒன்று நடக்கும். அச்சடித்த மயில் படத்தைக் கொடுத்து, கலர் பென்சிலால் வண்ணம் அடிக்கச் சொல்வார்கள். அடித்து முடித்ததும் கைதட்டி, போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போடுவார்கள். அப்பா மயிலுக்குப் பழுப்பு நிறம் அடித்துக் கொடுத்தார். ஏன் என்றேன். "எந்தக் கலர் அடிச்சாலும் கை தட்டறாங்க, வேணும்னா பாரு" என்றார். சில பேருக்கு அது உண்மையிலேயே பிடிக்கிறது, பிடித்தவர்கள் அடிக்கட்டும். ஆனால் அதைத் தேவை என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். உண்மையான வேலைக்கும் ஒப்புக்குக் கொடுக்கிற வேலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும். இன்றைக்கு இவர் இதைச் செய்யாவிட்டால் யாராவது தேடுவார்களா?

சின்ன வெங்காயம் உரிக்காவிட்டால் சாம்பார் தாமதமாகும். சமையல் அக்கா வந்து தேடுவார்.

அப்பா பக்கத்து அறையில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். பெரும்பாலும் படுக்கைதான். அவரிடம் என்ன வேலை வாங்க முடியும் என்று கேட்பீர்கள். பணிப்பெண்களில் ஒருத்தியின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். படுத்த படுக்கையாக இருந்தே அவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்க அவரால் முடியும். நினைவு தப்பிப்போகிறவர்கள் துண்டு மடிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். ஒன்றுமே முடியாதவரிடம்கூட ரசத்தைக் கொடுத்து உப்பு சரியா என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, போதவில்லை என்று அவர் சொன்னால், உப்பும் போட வேண்டும். போடாமல் விட்டால் அதுவும் மயில் படம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆள் செலவை மிச்சம் பிடிக்க முதியவர்களை வைத்து வேலை வாங்கும் இடங்கள் வரலாம். அதற்கு இந்தக் கடிதத்தை யாரும் சாட்சியாகக் காட்டக் கூடாது. விருப்பப்பட்டவர் செய்ய வேண்டும், வேண்டாம் என்றால் அன்றைக்கே நிறுத்த வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு வேலைக்கும் முடிச்சுப் போடக் கூடாது. வாழ்நாள் முழுக்க அடுப்பிலேயே வெந்துவிட்டு, இனி ஒரு கரண்டியைக்கூடத் தொட மாட்டேன் என்று வருகிற அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமையல்கட்டைக் காட்டுவது கொடுமை. அவர்களில் ஒருவர் ஒருவேளை வரவு செலவு நோட்டு எழுத ஆசைப்படலாம், கேட்டால்தானே தெரியும்.

கேட்பதற்கு உங்களிடமே ஒரு வழி இருக்கிறது. சேர்க்கிற அன்று ஒரு விண்ணப்பம் நிரப்பச் சொல்கிறீர்கள். பெயர், வயது, ரத்த வகை, சுகர், பிபி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அவசரத்துக்கு யார் நம்பர். அப்பாவுக்காக நான் நிரப்பிய மூன்று பக்கத்தில் அவர் லைன்மேன் என்று எழுத ஒரு இடமும் இல்லை. அதில் ஒரு வரி சேருங்கள்: என்ன வேலை பார்த்தார், கைவசம் என்ன தெரியும். பிள்ளையை நிரப்பச் சொல்லாதீர்கள், அவரிடமே கேளுங்கள். அப்பாவைக் கேட்டிருந்தால் அரை மணி நேரமாவது பேசியிருப்பார். உங்களுக்கு அன்றைக்கு நேரம் இருக்காது என்பதும் தெரியும். இன்னொரு நாள் உட்காருங்கள்.

எல்லோரையும் தாத்தா, பாட்டி என்று கூப்பிடுவதையும் யோசியுங்கள். பாசமாகத்தான் கூப்பிடுகிறீர்கள். ஆனால் நாற்பது தாத்தா இருக்கிற இடத்தில் தாத்தா என்றால் யார்?

நம் தமிழ்நாட்டிலேயே முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைக்கும் இல்லங்களுக்கு அரசு திட்டம் போட்டது உண்டு. நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம் கல்லூரி மாணவர்களை வாடகை இல்லாமல் தங்கவைக்கிறது. பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் அவர்கள் பெரியவர்களுக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். பக்கத்து வீடு என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு. பையன் பாட்டிக்கு மெயில் அனுப்பக் கற்றுத் தருவான், பாட்டி அவன் பரீட்சை என்ன ஆயிற்று என்று காத்திருந்து கேட்பார். பெரிய செலவு பிடிக்கிற விஷயமெல்லாம் இல்லை இது.

அப்பா விஷயம் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். நிர்வாகி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அப்பா விருப்பப்பட்டுச் செய்கிற வேலையில் சின்ன அடிபட்டால் சண்டைக்கு வர மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று தெரியாது. அவருக்கு ஒரு தைரியம் வந்தது. சமையல்கட்டுக் கதவு மறுபடி திறந்தது. அப்பாவுக்கு அதற்குள் வெங்காயத்தில் ஆர்வம் போய்விட்டது.

அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் எந்த சுவிட்ச் எந்த லைனுக்குப் போகிறது, எந்த அறை எந்த ஃபேஸில் இருக்கிறது என்று யாரிடமும் ஒரு தாள் இல்லை. கட்டியபோது போட்டவர் எங்கோ போய்விட்டார். அப்பா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனார். கை வைப்பது சமையல் அக்காவின் மகன், ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கிறான். இவர் சொல்ல அவன் மெயினை அணைத்துப் பார்ப்பான். அணைக்கும் முன்னால் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டு வந்தாயா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாராம். அவனுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அவனே கேட்காமல் சொல்லிவிட்டு வருகிறான். வெளியிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன்கூட இப்போது நேரே அப்பா அறைக்கு வந்து, "ஏனுங்க லைன்மேன் ஐயா, மாடி மோட்டார் எதுல வருதுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறாராம். இதைச் சொல்லும்போது அப்பா 'லைன்மேன் ஐயா'வை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அவருக்கு வீட்டு நினைப்பு போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மழை பெய்கிற ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்கிறார். அம்மா போட்டோவைத் தலையணைக்குக் கீழேதான் வைத்திருக்கிறார். சில ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்.

போன வாரம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அறையில் ஆள் இல்லை. பணிப்பெண்ணிடம் கேட்டால், "மீட்டர் ரூம்ல இருக்காரு சார், இன்வெர்ட்டர்ல ஏதோ சத்தம் வருதுன்னு தம்பியைக் கூட்டிட்டுப் போயிருக்காரு. நீங்க போய் உக்காருங்க, வந்துருவாரு" என்றாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு லைன்மேனின் மகன்
ஓசூர்